மூணு மூணாச் சுடுங்க, அத்தை

பெண் பார்க்கும் நாளில் செய்யக் கூடாதவை என்று என் அம்மா ஒரு நீண்ட பட்டியல் வைத்திருந்தாள். பல் தெரியச் சிரிக்கக் கூடாது. கேட்டதற்கு மேல் பேசக் கூடாது. நகம் கடிக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாரின் செருப்பைப் பார்த்து அவர்கள் வசதியை எடை போடக் கூடாது (இதை அவளே செய்வாள்). மாமியாராக வரப்போகிறவரோடு சேர்ந்து நின்று மெஷின் கன் சுடக் கூடாது என்று அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. முப்பது வருஷமாக என் தரப்பு வாதம் இது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு பவர் மெஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் நுழைந்தால் துணித் தூசு, எண்ணெய் வாசனை, நான்கு மோட்டாரும் சேர்ந்து போடுகிற இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்தால்தான் என் மனது அடங்கும். வெளியே வந்தால் கால் பரபரக்கும், கை பரபரக்கும்.

அதுவரை மூன்று வரன் வந்து போயிருந்தது. மூவருக்கும் பெண் பிடித்தது. மூவரும் சொல்லி வைத்ததுபோல ஒரே கேள்வி கேட்டார்கள். "கல்யாணத்துக்குப் பொறவு மெஷினு எதுக்கு?" நான் மூன்று பேரையும் வேண்டாம் என்றேன். அம்மா மூன்று தடவை அழுதாள்.

நாலாவது வரன் ஸ்ரீவில்லிபுத்தூர். பையன் சேகர், கோர்ட்டில் டைப்பிஸ்ட். அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மா தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "மெஷினோடயே வரட்டும். பின்கட்டு சும்மாத்தான கெடக்கு. கரண்டு லைன் இழுத்துக் குடுத்திருதேன்." மாப்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவே இல்லை. அந்தப் பின்கட்டுக்கு மனதால் மாலை போட்டுவிட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும், வெளிச்சம் எந்த மெஷின் மேல் விழும் என்று தூக்கத்தில் கணக்குப் போட்டேன். அது தவறினால் அஞ்சாவது ஒன்று அப்படி அமையாது. எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் துப்பாக்கி வருகிறது.

அதற்கு முந்தைய மாதம் எங்கள் ஊருக்குப் பொருட்காட்சி வந்திருந்தது. ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் வீடியோ கேம். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. முகத்துக்கு நேரே திரை. இடுப்பு உயரத்தில் இரண்டு குட்டைத் துப்பாக்கிகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சப் மெஷின் கன் என்று அதற்குப் பெயராம், இப்போது என் மகன் சொல்லித்தான் தெரியும். கொட்டகைக்கார அண்ணாச்சி அதைக் 'குட்டை மெஷின் கன்' என்றார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட வேண்டும். காட்டுக்குள் ஒரு முகாம். எதிராளிகள் புற்றீசலாக வருவார்கள். அவர்களைச் சுட்டு, கைதிகளை மீட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கும். அதை வீழ்த்தினால் பாலமாம். பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் யாரும் இல்லை.

என்னோடு தைக்கிற செல்விதான் என் கூட்டாளி. நைட்டிக் கட்டைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பி, தினமும் சாயங்காலம் அங்கே போய் நின்றோம். நான் சிவப்பு, அவள் நீலம். (செல்வி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பயம் வந்தால் தெலுங்கில் கத்துவாள். பாதி எதிராளிகள் அதிலேயே செத்தார்கள் என்பது என் கணிப்பு.)

முதல் இரண்டு நாள் நாங்களும் எல்லோரையும் போல விசையை அமுக்கிப் பிடித்தோம். துப்பாக்கிக்குள் ஒரு மோட்டார் உண்டு. அமுக்கினால் உதறும். உதற உதறக் குறி மேலே ஏறும். முதல் மூன்று தோட்டா ஆளைத் தொடும், மீதி முப்பதும் தென்னை மரத்துக்குப் போகும். மூன்றாவது நாள் எனக்குள் பளிச்சென்று ஒன்று எரிந்தது. அட, இது நம்ம மெஷின்தானே. கழுத்துப் பட்டி வளைவில் முழுசாக மிதித்தால் துணி கோணிக்கொண்டு ஓடிவிடும். மிதித்து விட்டு, மிதித்து விட்டு, மூன்று தையல் மூன்று தையலாகத்தான் வளைவைத் தாண்ட வேண்டும். சுட்டுப் பார்த்தேன். மூன்று தோட்டா, ஒரு மூச்சு. மூன்று தோட்டா, ஒரு மூச்சு. ஒவ்வொரு மூன்றுக்கும் ஒருவன் விழுந்தான். அந்தச் சந்தோஷத்தை எந்த வார்த்தையில் சொல்வது. பத்து விரலுக்குள்ளும் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். கழுத்துப் பட்டியில் படித்தது இது என்று அண்ணாச்சியிடமும் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் சட்டங்கள் தாமாக வந்தன. கிட்டே வருகிறவன் முதலில், தூரத்தில் நிற்பவன் பிறகு. திரையில் இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு. தோட்டா தீர்ந்தால் பக்கவாட்டில் உள்ள பொத்தானைத் தட்டி மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு நொடி ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் மாற்றவே கூடாது. ஒருத்தி மாற்றும்போது மற்றவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நாங்கள் பேசியது ஒரே வார்த்தையில். ஏட்டி. தோழிக்குத் தோழி மட்டும் சொல்லிக்கொள்கிற எங்கள் பக்கத்து 'அடியே'. "ஏட்டி, மாத்துறேன்." "ஏட்டி, எடது." "ஏட்டி, குனி." போருக்கு அதைவிடச் சுருக்கமான சொல் இல்லை.

பொருட்காட்சி மூட்டை கட்டிக்கொண்டு ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. என் விதியும் பின்னாலேயே போனது.

பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பது என்று இரு வீட்டாரும் பேசியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே தெரியும், அதுவும் ஆடி மாசம். கோயில் என்றால் தற்செயல். அந்தத் தற்செயலுக்கு நாள், நேரம், நிற்க வேண்டிய தூண் எல்லாம் தரகர் குறித்துக் கொடுத்திருந்தார். அரக்குப் பட்டுக்குள் என்னை இறுக்கி, அம்மா ஆண்டாள் கோயில் மண்டபத்தில் அந்தத் தூணோரம் நிறுத்தினாள். சொன்ன நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள்.

"அட, நீங்களா. சாமி கும்பிடவா?" என்றார் அந்த அம்மா. அவ்வளவு மோசமான நடிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோமதி என்று பெயர். பருமனான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி, எதையோ தேடிக்கொண்டே இருக்கும் கண்கள். சேகர் பின்னால் நின்று தூணில் உள்ள சிற்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் குணத்தைப் பாடினாள். "எம் மகளுக்கு வீட்ட விட்டா மெஷினு, மெஷின விட்டா வீடு. வேற எடம் தெரியாது, மயினி." நான் நிலத்தைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா சும்மா இருந்திருக்கலாம். "இம்புட்டு தூரம் வந்துட்டு பொருட்காட்சி பாக்காமப் போகவா?" என்றார்.

கோமதி அத்தைக்கு டெல்லி அப்பளம் வேண்டுமாம். எல்லோருமாக நடந்தோம். தகரக் கொட்டகை தெரிந்ததும் நான் முந்தானையை இழுத்து முகத்தோரம் விட்டுக்கொண்டேன். அண்ணாச்சிக்குக் கழுகுக் கண்.

"வாங்க தங்கச்சி. என்ன பட்டுச்சேலைல வந்திருக்கிய? செல்வி வரலையா இன்னைக்கு?"

அம்மாவின் கையிலிருந்த அப்பளம் இரண்டாக உடைந்தது.

"பிள்ளைய உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அத்தை.

"தெரியுமாவா? ராசபாளையத்துல அம்புட்டுப் பயலுவளும் இது சுடுதத பாக்கத்தான் வந்தானுவ. ஹெலிகாப்டர் வரைக்கும் போன ஒரே ஆளு, பாத்துக்கிடுங்க."

அத்தை மெல்ல என் அம்மா பக்கம் திரும்பினார். "வீட்ட விட்டா மெஷினுன்னீங்க. எந்த மெஷினுன்னு சொல்லலையே."

அம்மா சிரிப்பதற்கு முயன்றாள். அப்பா நிலைமையைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். "தம்பி, நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடிப் பாப்பமா?" சேகரும் பாவம், மறுக்கத் தெரியாமல் நீலத்தைப் பிடித்தார்.

அந்த ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதல் எதிராளி புதரிலிருந்து எழுந்தான்.

"நீங்க சுடுங்க மாமா."

"அட, மொதல்ல நீங்க சுடுங்க தம்பி."

"பெரியவங்க நீங்க இருக்கையில நான் எப்படி."

"விருந்தாளி நீங்க. கூச்சப்படாம சுடுங்க."

இதற்குள் எதிராளிகள் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். சேகர் கடைசியில் சுட்டார், ஒவ்வொரு தோட்டாவாக, மனுவில் பிழை வந்துவிடக் கூடாதென்று டைப் அடிப்பதுபோல. அப்பா மரியாதைக்காகக் கடைசிவரை சுடவே இல்லை. அரை நிமிஷத்தில் இருவரும் செத்தார்கள். "நல்லா ஆடுனீங்க மாமா" என்றார் சேகர்.

என் வலது ஆள்காட்டி விரல் பட்டுச்சேலைக்குள் துடித்தது. மூன்று, மூன்று, மூன்று.

"நானும் பொண்ணும் ஆடுதோம்" என்றார் கோமதி அத்தை.

சத்தியமாக நான் அடக்கமாகத்தான் தொடங்கினேன். குனிந்த தலை நிமிராமல், வானத்தைப் பார்த்து நாலு தோட்டா சுட்டேன். பக்கத்தில் அத்தை நீலத் துப்பாக்கியை இரண்டு கையாலும் அணைத்து, விசையை அமுக்கி, வாசல் தெளிப்பதுபோல இடமிருந்து வலமாக ஒரே வீச்சு வீசினார். தென்னை, பாறை, தண்ணீர்த் தொட்டி, ஒரு வெள்ளைச் சேலை, எல்லாம் விழுந்தன.

"வெள்ளச் சேல யாரு தாயி?"

"நர்ஸ், அத்தை. நம்ம ஆளு. கைதி."

"அடப் பாவமே. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"மூணு மூணாச் சுடுங்க, அத்தை."

"எதை?"

"தோட்டாவை. அமுக்கி விடணும். அமுக்கி விடணும்."

அத்தை தலையாட்டினார். வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். எண்ணி முடித்தபின் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சுட்டார். எனக்குத் தலை நிமிர்ந்தது. வேறு வழி இல்லை, பாதித் திரை கேட்பாரில்லாமல் கிடந்தது. அவர் பக்கத்தில் இருவர், என் பக்கத்தில் மூவர், கிட்டே வந்தவன் முதலில், தூரத்தில் நின்றவன் பிறகு. முந்தானை எப்போது இடுப்பில் ஏறியது என்று தெரியாது. வளையல்கள் துப்பாக்கியில் மோதிக் கலகலத்தன. பின்னால் கூட்டம் கூடியது. ஆச்சரியம், அத்தையும் பிடித்துக்கொண்டார். மூன்று சுட்டார். ஒருவன் விழுந்தான். "விழுந்துட்டான் தாயி" என்றார். இன்னும் மூன்று. இன்னொருவன். அவர் கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளும் ஓடின. எனக்கு உடம்பெல்லாம் இறகு. கோயிலும் இல்லை, வரனும் இல்லை, பட்டியலும் இல்லை. திரையும் இரண்டு துப்பாக்கியும் மட்டுமே உலகம்.

ஹெலிகாப்டர் வந்தது.

அது வந்தால் கொட்டகையே அதிரும். நாங்கள் சுட்ட சுடலில் அதற்குப் பாதி உயிர் போய்விட்டது. புகை வந்தது. என் தோட்டா தீர்ந்தது, பொத்தானைத் தட்டினேன். அதே நொடியில் பக்கத்தில் அத்தையும் பொத்தானைத் தட்டினார். இரண்டு துப்பாக்கியும் ஊமை.

"ஏட்டி கிறுக்கி, நான் மாத்துறேன்ல, நீ எதுக்குட்டி மாத்துத? தள்ளுட்டி அங்கிட்டு."

சொன்னதோடு இடுப்பால் ஒரு இடி.

சொன்னது நான்தான். குரலும் என்னுடையதுதான். தூரத்தில் ராட்டினம் கிறீச்சிட்டது கேட்டது. சேகர் வாயில் பாதி அப்பளம். அம்மா கண்ணை மூடி உதடு அசைத்தாள், அது மந்திரம் அல்ல என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் என் மூளைக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. இரண்டு கையையும் துப்பாக்கியிலிருந்து எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் சுட்டது. திரை சிவந்தது. ஆட்டம் முடிந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு போல" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ராஜபாளையம் எல்லை வரும்போது ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "மாமியார ஏட்டின்னு சொன்ன மொத மருமக இந்தச் சில்லாவுலயே நீதான் தாயி." அப்பா ஆறுதல் சொல்ல நினைத்து, "இருந்தாலும் அந்த நர்ஸு செத்தது நம்ம தப்பு இல்ல" என்றார்.

நாலு நாள் தகவல் இல்லை. தரகர் எங்கள் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனார். நான் மெஷினில் உட்கார்ந்தால் பின்கட்டு கண்ணில் வந்தது, ஜன்னலோடு, வெளிச்சத்தோடு. கழுத்துப் பட்டிகள் கோணின. செல்வி பிரித்துப் பிரித்துத் தைத்தாள். "ஏட்டி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை, பதினோரு மணி வாக்கில், வாசலில் நிழல் தட்டியது. கோமதி அத்தை. தனியாக வந்திருந்தார். கையில் பால்கோவாப் பொட்டலம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, நாற்காலியைத் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அத்தை நேராக மெஷின் அறைக்குள் வந்துவிட்டார்.

"அந்தக் கழுத்துப் பட்டி தைப்பியாமே. அண்ணாச்சி சொன்னாரு, அதுலேந்துதான் படிச்சியாம். தை, பாப்போம்."

தைத்தேன். மிதித்து விட்டு, மிதித்து விட்டு. அவர் துணியைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"அத்தை, அன்னைக்கு நான் சொன்னது..."

"இரு தாயி, நான் பேசிருதேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குப் பெறந்த ஊரு மகாராஜபுரம். காளின்னு ஒருத்தி. ரெண்டு பேரும் சோடியாத்தான் பருத்தி எடுப்போம். 'ஏட்டி கோமதி, அந்த வரிசைய நான் பாத்துக்கிடுதேன், இந்த வரிசைய நீ பாரு'ம்பா. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததுலேந்து மயினி, சித்தி, அம்மா, டைப்பிஸ்ட்டோட அம்மா. எல்லாம் மருவாதியாத்தான் கூப்பிடுதாவ. இருவத்தாறு வருசத்துல ஏட்டின்னு ஒரு சீவன் கூப்பிடல. நாலு நாளா அதையே நெனச்சுச் சிரிச்சுக்கிட்டுக் கெடந்தேன். சேகரு பயந்துபோயிட்டான்."

நான் மெஷினை நிறுத்தினேன். அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது (அம்மாவின் காது அங்கேதான் இருந்தது).

"ஆனா ஒண்ணு கேக்கணும்" என்று அத்தையின் முகம் இறுகியது. இதோ வருகிறது என்று நினைத்தேன். "துப்பாக்கிய எதுக்கு விட்ட? பொகை வந்துருச்சுல்லா. இன்னும் ரெண்டு மூணுல விழுந்திருப்பான். ஏட்டின்னு சொன்னவ அப்பிடியே சுட்டுருக்க வேண்டாமா?"

பால்கோவா அன்று போல் எப்போதும் இனித்ததில்லை. பொருட்காட்சி முடிய இரண்டு நாள் இருந்தது. மறுநாளே எல்லோரும் போனோம், ஹெலிகாப்டரை ஒரு கை பார்க்க. நீலத் துப்பாக்கி மேல் கோணி போட்டு மூடியிருந்தது. மோட்டார் எரிந்துவிட்டதாம். "யாரோ வெசைய விடாம அமுக்கியிருக்காவ" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அவர் ராட்டினத்தைப் பார்த்தார்.

தையில் கல்யாணம். நான்கு மெஷினும் வேனில் ஏறி என்னோடு வந்தன. பின்கட்டில் ஜன்னல் கிழக்குப் பக்கம். இப்போது அங்கே பதினோரு மெஷின் ஓடுகிறது. புதிதாக வருகிற பெண்களுக்கு வளைவு சொல்லிக் கொடுக்கும்போது அத்தை வாசலில் நின்று, "மூணு மூணாச் சுடுங்கட்டி" என்பார். அவர்களுக்குப் புரியாது, ஆனால் பட்டி கோணாமல் வரும். நான் கோபத்தில் மூச்சுவிடாமல் பேசினால் என் கணவர் டைப் அடிப்பதை நிறுத்தாமலே, "மூணு மூணாத் திட்டு" என்பார். உறவில் யாராவது பெண் பார்க்கப் போனால், "பக்கத்துல பொருட்காட்சி இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

போன வருஷம் என் மகன் ஒரு பெட்டியை வாங்கிவந்து டிவியில் மாட்டினான். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி ஆட்டம். அத்தைக்கு எண்பதை நெருங்குகிற வயது, இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது. கொடு என்று கையை நீட்டினார். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மகன் சொல்லச் சொல்ல எது விசை, எது தோட்டா மாற்றும் பொத்தான் என்று தடவித் தடவிக் கற்றுக்கொண்டோம். பத்து நாள் ஆனது. பதினோராவது நாள் சாயங்காலம் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. புகை கிளம்பியது. என் தோட்டா தீர்ந்தது.

"அத்தை, நான் மாத்துறேன், என் பக்கத்தையும் பாத்துக்கிடுங்க."

காதில் விழவில்லை. அவர் இடது ஓரத்தில் எவனையோ துரத்திக்கொண்டிருந்தார்.

"அத்தை."

இல்லை. ஹெலிகாப்டர் என் பக்கம் மூக்கைத் திருப்பியது.

"ஏட்டி கோமதி, எம் பக்கம் பாருட்டி."

மகன் வாயைப் பிளந்தான். அத்தை திரும்பினார். முகத்தில் இருந்த அத்தனை சுருக்கமும் சிரித்தது. மூணு மூணாக அல்ல. விசையை அமுக்கிப் பிடித்து, இருந்த தோட்டா மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினார்.

முப்பது வருஷம் தாமதமாக, ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது.